வீட்டுக் கன்றுக்கு முதல் ஏது?

2023 செப்டம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் வீட்டில் ஒரு ஜீவன் சாப்பிடவில்லை. பெண் வயிற்றுப் பேரன். பதின்மூன்று வயது. அந்த வயதில் ஒரு பையன் தோசையை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் உலகம் புரண்டிருக்க வேண்டும். புரண்டுதான் விட்டது என்பது அவன் கட்சி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி என்ற கால்பந்துக் கழகம், கோல் பாமர் என்ற இருபத்தொரு வயதுப் பையனைச் செல்சி என்ற இன்னொரு கழகத்துக்கு விற்றுவிட்டதாம்.

"வித்துட்டாங்களா? ஆளையேவா?" என்று கேட்டாள் அவன் பாட்டி, தோசைக் கரண்டியும் கையுமாக.

"ஆமாம் பாட்டி. நாலு கோடி பவுண்டு."

"நம்ம பணத்திலே?"

"நானூறு கோடிக்கு மேலே."

"நானூறு கோடி கொடுத்தா உன்னைக்கூடத்தான்..." என்று ஆரம்பித்தவள், பையன் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமலே அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கால்பந்து விஷயத்தில் நான் பேரனுக்குச் சிஷ்யன். என் பிள்ளைப் பிராயத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பந்துக்கு நாற்பது பேர். பந்தை உதைத்ததைவிட ஒருவர் காலை ஒருவர் உதைத்ததே அதிகம். அவ்வளவுதான் என் ஞானம். ஆனால் கண் பழுதாகிப் படிப்பது குறைந்த பிறகு, ராத்திரிகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆட்டங்களைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பாமரையும் அப்படித்தான் எனக்குத் தெரியும். ஒல்லியான உடம்பு, தூங்கி எழுந்தாற்போல ஒரு முகம், அவசரமே இல்லாத கால். நம் எழுத்தில் எழுதினால் பையன் பெயரே கோல்! இப்படிப் பெயர் வைத்துக்கொண்டு பிறந்தவன் வேறு என்ன செய்வான்?

மான்செஸ்டரிலேயே பிறந்தவன். எட்டு வயது நிரம்புவதற்குள் சிட்டியின் பயிற்சிப் பள்ளிக்கு வந்தவன். அந்த 2023 ஆகஸ்டில், பருவம் தொடங்கியதும் நடந்த இரண்டு கோப்பை ஆட்டங்களிலும் அவன் கோல் போட்டிருந்தான்: ஒன்று ஆர்சனலுக்கு எதிராக, மற்றொன்று ஸ்பெயின் தேசத்து செவியாவுக்கு எதிராக. பேரன் அவனுடைய 80-ஆம் எண்ணைத் தன் நீலச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சட்டைக்கு எண் போட்ட சாயம் காய்வதற்குள் ஆள் போய்விட்டான்.

"தாத்தா, அவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று கேட்டான் பேரன்.

நானும் அந்த ராத்திரி, கண் இல்லைதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். பிறகு, தூக்கம் வராத கிழவர்களுக்கு உள்ள சௌகரியத்தோடு, இதே மாதிரி விற்கப்பட்ட பையன்களின் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேரனைக் கேட்டும், படிக்கச் சொல்லியும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, கண் இல்லை என்ற அபிப்பிராயம் கரைந்துபோய்விட்டது. விற்கிறவர்களுக்கு நன்றாகவே கண் தெரிகிறது. அதுதான் சங்கடம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 'விற்பது' என்றால் ஆளை விற்பதல்ல. ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னால் ஒருவனை விடுவித்துக்கொள்ள, வாங்குகிற கழகம் கொடுக்கிற தொகை அது. பையனும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் அங்கேயும் பத்திரிகைக்காரர்கள் 'விற்றார்கள்' 'வாங்கினார்கள்' என்றுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கெவின் டி புரூய்ன என்ற பெல்ஜியம் தேசத்துப் பையனின் கதை இந்த வகையில் ஒரு புராணம். 2012 ஜனவரியில், இருபது வயதில், கெங்க் என்ற கழகத்திலிருந்து இதே செல்சி அவனைச் சுமார் எழுபது லட்சம் பவுண்டுக்கு வாங்கிற்று. வாங்கி, வைத்துக்கொள்ளவில்லை. கெங்குக்கே இரவல் கொடுத்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியில் பிரேமனுக்கு இரவல் கொடுத்தது. பிரேமனில் பத்து கோல் போட்டுவிட்டு, 2013 கோடையில் லண்டனுக்கு நிமிர்ந்த தலையோடு வந்தான். அப்போது செல்சிக்கு ஜோஸ் மோரின்யோ இரண்டாம் தடவை பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்த சமயம். முதல் லீக் ஆட்டத்தில் இறக்கினார். பையன் ஒரு கோலுக்கு வழி செய்து கொடுத்தான். பிறகு பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டார்கள். உட்கார்ந்தான், உட்கார்ந்தான், டிசம்பர் வரை உட்கார்ந்தான். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் அவன் கால் வைத்தது மூன்றே மூன்றில்.

அந்த டிசம்பரில் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றி டி புரூய்னவே பின்னால் எழுதியிருக்கிறான். மோரின்யோ தம் அறைக்குக் கூப்பிட்டாராம். மேஜைமேல் சில காகிதங்கள். உன் கோல் இத்தனை, நீ வழி செய்து கொடுத்தது இத்தனை என்று படித்தாராம். பிறகு அதே இடத்துக்குப் போட்டியாக இருந்த மற்றவர்களின் கணக்கையும் படித்தாராம்: வில்லியன், ஆஸ்கார், மாட்டா, ஷுர்லெ என்று. அவர்கள் கணக்கு பெரிதாக இருந்தது. பையன் கொஞ்சம் பொறுத்து, அவர்கள் பதினைந்து இருபது ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், நான் ஆடியது மூன்றுதானே, என்று கேட்டானாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு வரவில்லை. சமைக்கவிடாமல் வைத்துக்கொண்டு, நீ சமைத்தது எங்கே என்று மருமகளைக் கேட்கிற வீடுகள் நம் பக்கமும் உண்டு.

2014 ஜனவரியில் டி புரூய்னவை ஜெர்மனியில் வுல்ஃப்ஸ்பர்க் கழகத்துக்குச் சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். பதினெட்டு மாதங்களில் அவன் ஜெர்மனியின் சிறந்த ஆட்டக்காரன் என்ற பட்டத்தை வாங்கினான். 2015 ஆகஸ்டில் ஐந்து கோடிக்கும் மேல் கொடுத்து அவனை வாங்கியது யார் தெரியுமோ? பேரனுடைய மான்செஸ்டர் சிட்டி. பத்து வருஷம் ஆடி, ஆறு தடவை லீக் பட்டம் வாங்கித் தந்தான். அதாவது, 2014-ல் செல்சிக்குக் கண் இல்லாததால் லாபம் அடைந்தவர்கள், 2023-ல் தாங்களே கண்ணை மூடிக்கொண்டு செல்சிக்கே ஒரு பையனைக் கொடுத்தார்கள். இந்த விசித்திரத்தைப் பேரனுக்கு நான் எடுத்துச் சொன்னேன். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆனால் அந்த 2014 ஜனவரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த ஒரே மாதத்தில் செல்சி என்னென்ன செய்தது! டி புரூய்னவை விற்றது. முந்தைய இரண்டு வருஷமும் தங்களுடைய சிறந்த ஆட்டக்காரன் என்று ரசிகர்கள் தேர்ந்தெடுத்திருந்த மாட்டாவையும் விற்றது. எகிப்திலிருந்து வந்து சுவிட்சர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த முகமது சலா என்ற இருபத்தொரு வயதுப் பையனை வாங்கிற்று. அதோடு, மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு பேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்ட மாட்டிச் என்பவனை, இரண்டு கோடிக்கும் மேல் கொடுத்து மறுபடி வாங்கிக்கொண்டது! சந்தையில் தன் பழைய செம்பைத் தானே விலை கொடுத்து வாங்கிவந்த கதைதான். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் அடுத்த வருஷம், 2015-ல், செல்சி லீக் பட்டத்தை ஜெயித்தது. அந்த மாட்டிச் நடுவில் நின்று ஆடினான். மோரின்யோ போட்ட கணக்கு தப்பவில்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. பயிற்சியாளருக்கு வருகிற சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமையும் ஜெயிக்க வேண்டும். நாலு சனிக்கிழமை தோற்றால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பட்டம் ஜெயித்துக் கொடுத்த அந்த மோரின்யோவையே 2015 டிசம்பரில், ஏழே மாதத்தில், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், இந்தப் பையன் மூன்று வருஷத்தில் உலகத்தை ஆளுவான் என்றால், 'மூன்று வருஷத்தில் நான் எங்கே இருப்பேன்?' என்றுதானே அவர் மனசு கேட்கும்? இருபது வயதுப் பையனை ஆடவிட்டால் அவன் பத்துப் பிழை செய்வான். பிழை செய்துதான் கற்க வேண்டும். அந்தப் பத்துப் பிழைக்கும் வட்டி கட்டுகிறவர் இவர். பின்னால் முதலை எடுத்துக்கொள்கிறவர் வேறொருவர்.

சலாவுக்கும் இதே கதைதான். நைல் டெல்டாவில் நக்ரிக் என்ற கிராமம். கெய்ரோவுக்குப் பயிற்சிக்குப் போக, பஸ் மாறி மாறி நாலு நாலரை மணி நேரம்; திரும்ப அதே அளவு. அப்படி வளர்ந்த பையன் செல்சியில் மொத்தம் பத்தொன்பது ஆட்டம் ஆடி இரண்டு கோல் போட்டான். ஒரு வருஷத்தில் இத்தாலிக்கு இரவல் போனான். பிறகு விலைக்கும் போனான். 2017-ல் லிவர்பூல் வாங்கிற்று. வந்த வருஷமே லீக்கில் 32 கோல். லுகாகு என்று இன்னொருவன்: 2014-ல் அவனைச் செல்சி 2 கோடியே 80 லட்சத்துக்கு விற்றது, 2021-ல் 9 கோடியே 75 லட்சத்துக்குத் திரும்ப வாங்கிற்று. வாங்கிய பிறகு அவன் சரியாக ஆடவில்லை என்பது உபகதை.

பாவம், பழியை எல்லாம் கழகங்கள் மேலேயே போடக்கூடாது. அந்தப் பையன்களுக்கும் பொறுமை இல்லை. எப்படி இருக்கும்? கால்பந்துக்காரனின் ஆயுசு பதினைந்து வருஷம். அதில் ஒரு வருஷத்தைப் பெஞ்சியில் கழிப்பது, நம்மைப் போன்றவர்கள் உத்தியோகத்தில் நாலு வருஷம் பதவி உயர்வு இல்லாமல் இருப்பதற்குச் சமானம். டி புரூய்ன விஷயத்திலும், போக வேண்டும் என்று நின்றது பையன்தான் என்று மோரின்யோ பின்னாளில் சொன்னார். பாமர் விஷயத்திலும் அப்படித்தான். சிட்டியின் பயிற்சியாளர் கார்டியோலா பிற்பாடு, அவன் இரண்டு பருவமாகவே போகிறேன் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், நான் அவனுக்கு ஆட இடம் கொடுக்கவில்லை, என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: முந்தைய ஜூனில் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கோப்பைகளை வாங்கிய கூட்டம்! டி புரூய்ன காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். மாரெஸ் அரேபியாவுக்குப் போய்விட்டான். ஆனாலும் காலியான ஆசனத்தில் வீட்டுப் பையனை உட்காரவைக்க மனசு வரவில்லை. டோக்கு என்று ஒருவனை ஐந்து கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். பாமர் போன அதே நாளில் நூனஸ் என்று இன்னொருவனை, அதுவும் ஐந்து கோடிக்கு மேல் கொடுத்து, வாங்கினார்கள்.

"பாத்தீங்களா? வெளியிலேர்ந்து வந்தா அஞ்சு கோடி. வீட்டிலேயே இருந்தா பெஞ்சு" என்றான் பேரன்.

பதின்மூன்று வயதில் இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தில் போஸ்மன் என்று ஒருவர், சாதாரண ஆட்டக்காரர். 1990-ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்சில் ஒரு சின்னக் கழகம் கூப்பிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும், பணம் கொடுத்தால்தான் விடுவோம் என்று பழைய கழகம் பிடித்துக்கொண்டது. அப்போது அதுதான் வழக்கம். போஸ்மன் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து வருஷம் அலைந்தார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திர மனிதன், அவனுக்கு யாரும் விலை கேட்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தபோது போஸ்மனின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டிருந்தது. அவர் திறந்த கதவு வழியாக நடந்து கோடீஸ்வரர் ஆனவர்கள் வேறு பேர்.

தீர்ப்பு நியாயமானதுதான். சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கழகத்திலும் ஒரு நாட்காட்டி தொங்க ஆரம்பித்தது. நல்ல பையனின் ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாயா இல்லையா என்று கேட்டாக வேண்டும். இல்லை என்றால் உடனே விற்றாக வேண்டும். இன்னும் ஒரு வருஷம் போனால் பாதி விலை. அதற்கும் அடுத்த வருஷம் சும்மா போய்விடுவான். 2012-ல் பால் போக்பா என்ற பத்தொன்பது வயதுப் பையன் அப்படித்தான் மான்செஸ்டர் யுனைடெடை விட்டு இத்தாலிக்கு நடந்தான். பயிற்சி கொடுத்ததற்காக ஏதோ சொற்பத் தொகை கிடைத்தது. நாலு வருஷம் கழித்து அதே யுனைடெட் அவனை 8 கோடியே 90 லட்சம் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தது. அதுவரை உலகத்தில் எந்த ஆட்டக்காரனுக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இவ்வளவும் புரிந்த பிறகும் பேரனுடைய கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை என்று எனக்குப் பட்டது. வெளியாள் ஐந்து கோடி, வீட்டுப் பையன் பெஞ்சு. ஏன்? இதற்குப் பதில் எங்கோ எனக்கே தெரியும் என்று ஓர் உறுத்தல். ஒரு நாள் விடியற்காலையில் அது நினைவுக்கு வந்தது. நான் தேடின பதில் என் அப்பாவின் கணக்கு நோட்டில் இருந்தது.

1957. எனக்குப் பத்து வயது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மூன்று மா நிலம். வீட்டில் இரண்டு உருப்படி. ஒன்று பெரிய பசு. அப்பா 90 ரூபாய் கொடுத்துச் சந்தையில் பிடித்துவந்தது. மற்றது அது எங்கள் கொட்டிலில் ஈன்ற கிடாரி. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவலை என்று கூப்பிடுவோம். பெரிய பசு மடி வற்றிப்போய் நின்றது. செவலை அடுத்த வருஷம் கன்று போடும் பக்குவத்தில் இருந்தது. அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்குத் தவணை வந்தது.

தரகர் வந்தார். கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அப்பாவின் விரல்களைப் பிடித்தார். துண்டுக்கு அடியில் என்ன பேசினார்களோ, செவலை 120 ரூபாய்க்குப் பக்கத்து ஊருக்குப் போயிற்று. பெரிய பசு எங்களிடமே நின்றது.

"பால் குடுக்காததை வச்சுக்கிட்டுப் பால் குடுக்கப் போறதை விப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா நீளமான கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார். பெரிய பசுவை இன்றைக்கு விற்றால் 30 ரூபாய்கூடப் பெயராது. வாங்கினது 90. நோட்டில் 60 ரூபாய் நஷ்டம் என்று எழுத வேண்டும். கடன்காரன் வந்து பார்த்தால் என்ன நினைப்பான்? செவலைக்கோ முதல் என்று ஏதும் இல்லை, வீட்டிலேயே பிறந்தது. 120 ரூபாயும் முழு லாபம்.

"வீட்டுக் கன்னுக்கு முதல் ஏது?" என்றார் அப்பா.

"அதுக்குப் புல்லறுக்க நான் குனிஞ்ச குனிவு எந்தப் பக்கத்திலே எழுதியிருக்கு?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு நாலு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை.

இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குப் பிள்ளைகளும் அப்பாவைப் போலவேதான் நோட்டு எழுதுகிறார்கள். ஓர் ஆட்டக்காரனை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஐந்து கோடிக்கு வாங்கினால், வருஷத்துக்கு ஒரு கோடி வீதம் செலவு எழுதுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஏட்டில் அவன் மேல் மூன்று கோடி முதல் நிற்கும். அவன் சோபிக்கவில்லை என்று இரண்டு கோடிக்குத் தள்ளிவிட்டால் ஒரு கோடி நஷ்டம் என்று எழுதியாக வேண்டும். அதனால் அவனைத் தள்ளுவதில்லை. எட்டு வயதில் வந்து சேர்ந்த வீட்டுப் பையனுக்கோ ஏட்டில் முதல் பூஜ்யம். நாலு கோடிக்கு விற்றால் நாலு கோடியும் அந்த வருஷத்து லாபம். 2013 முதல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு விதி வேறு வந்திருந்தது: மூன்று வருஷத்தில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது, காட்டினால் தண்டனை. கழகங்கள் கடனில் மூழ்கக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்த விதிதான். ஆனால் நஷ்டத்தை ஈடுகட்டச் சுருக்கு வழி என்ன? வீட்டுக் கன்றை அவிழ்ப்பது.

மேசன் மௌண்ட் என்ற பையனைப் பாருங்கள். ஆறு வயதில் செல்சிக்கு வந்தான். 2021-ல் செல்சி ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த ஆட்டத்தில், அந்த ஒரே கோலுக்குப் பந்தை வழிவிட்டுக் கொடுத்தவன் அவன்தான். இரண்டு வருஷம் தொடர்ந்து கழகத்தின் சிறந்த ஆட்டக்காரன். 2022-ல் கழகம் கைமாறியது. புது முதலாளிகள் உலகச் சந்தையில் பையன்களாக வாங்கிக் குவித்தார்கள். ஒருவனுக்கு மட்டும் பத்துக் கோடிக்கு மேல். செலவு தெரியக்கூடாதென்று எட்டு வருஷ ஒப்பந்தமாகப் போட்டு நீட்டி எழுதினார்கள். 2023 ஜூலையில் மௌண்டை ஐந்தரைக் கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஒப்பந்தமும் முடிய ஒரு வருஷம்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்து, மௌண்ட் ஆடின பக்கத்திலேயே ஆடுகிற பாமரை நாலு கோடிக்கு வாங்கினார்கள். இவர்கள் வீட்டுக் கன்று அங்கே, அவர்கள் வீட்டுக் கன்று இங்கே. இரண்டு வீட்டு ஏடுகளிலும் முழு லாபம்.

சிறிய கழகங்களைப் பற்றி இப்படிப் பேச எனக்கு நாக்கு வராது. ஹாலந்தில் அயாக்ஸ் இருக்கிறது. பையன்களை வளர்த்து விற்பதுதான் அதற்குப் பிழைப்பு. 2019-ல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் என்ற இடத்தில் தோற்றது. அந்தக் கோடையிலேயே, பத்தொன்பது வயதில் தலைவனாக இருந்த டி லிக்டும், இருபத்திரண்டு வயது டி யோங்கும், ஆளுக்கு ஏழரைக் கோடி யூரோவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த பையன்களுக்குச் சோறு. அதையும்விடச் சிறிய ஊர்க் கழகங்கள் உண்டு. ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு ஒருவன் விலைபோகும்போது, விலையில் நூற்றுக்கு ஐந்து, பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சங்கம் விதி வைத்திருக்கிறது. எங்கோ ஒரு புல்தரையில் வலை தைத்துக் கோடு போட்டுக் கொடுத்தவர்களுக்கு, பத்து வருஷம் கழித்து ஒரு காசோலை வரும். இதைப் படித்தபோது அம்மா புல்லறுத்த குனிவை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்று ஒரு சந்தோஷம்.

நான் சொல்லும் கதைகளில் எல்லாம், விற்கப்பட்டவன் பிறகு ராஜா ஆகிவிடுகிறான். அது கதைக்காரனின் பலவீனம். விற்கப்பட்டு, போன இடத்திலும் ஆடாமல், பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். அவர்களை யார் எழுதுகிறார்கள்? மௌண்டே யுனைடெடுக்குப் போன புதிதில் காயத்தில் காயமாகப் பட்டு, பாதி ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியாமல் கிடந்தான். அவனை விற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள்.

செவலை கெட்டுப்போகவில்லை. அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் கன்று போட்டது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு பித்தளைத் தூக்கில் சீம்பால் கொடுத்தனுப்பினார். அம்மா வெல்லம் போட்டு அவித்தாள். எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். அப்பா தமக்கு வேண்டாம் என்றார். அம்மா வற்புறுத்தவில்லை. அவருடைய பங்கை அவள்தான் சாப்பிட்டாள்.

நிற்க. பேரனை அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியில் பட்டினியாக விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். மறுநாள் காலை இட்லிக்கு வந்துவிட்டான். ஆனால் 80-ஆம் எண் சட்டை அலமாரிக்கு உள்ளே போயிற்று. பாமர் செல்சியில் கோல்மேல் கோலாகப் போடத் தொடங்கினான். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 22. பேரன் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 12-ஆம் தேதி செல்சியின் மைதானத்தில் இரண்டு கழகங்களும் மோதின. நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று அவன் அம்மா கேட்டதற்கு நானும் அவனும் சேர்ந்து ஏதோ சொல்லிவைத்தோம். என்ன ஆட்டம்! சிட்டி ஒன்று போட்டது; செல்சி இரண்டு போட்டது. அதில் ஒன்றைப் போட்டவன் ஸ்டெர்லிங். அவனும் சிட்டி விற்றவன்தான். பிறகு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. 86-ஆவது நிமிஷத்தில் சிட்டி நாலாவது கோலைப் போட்டது. பேரன் சோபாமேல் ஏறி நின்றான். நான் உஷ் என்றேன், வீடு தூங்குகிறது.

ஆட்டம் முடிந்து, கூடுதல் நிமிஷங்களும் முடியப்போகிற சமயத்தில், செல்சிக்குப் பெனால்டி கிடைத்தது.

பந்தை எடுத்து வைத்தது பாமர். எதிரில் கோலில் நின்றவன் தினம் தினம் பயிற்சியில் அவனுடைய பந்தைத் தடுத்துப் பழகியவன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு முன் அவனோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கியவர்கள். அந்த முகத்தில் அப்போதும் தூங்கி எழுந்த பாவம்தான்.

பேரன் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அடிக்க வேண்டும் என்று நினைக்கிறானா, தவற வேண்டும் என்று நினைக்கிறானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கோல். நாலுக்கு நாலு.

டெலிவிஷனில் கூட்டம் அலறிற்று. பேரன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, சட்டையை மடிமேல் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நம்ம பையன்தானே தாத்தா" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.

உள்ளேயிருந்து, மணி பன்னிரண்டாகிறது என்று அவன் அம்மாவின் குரல் வந்தது.